கண்ணாடி துடைக்கப் போனவர்

“எரிக்கறதா, பொதைக்கறதா? இப்பவே சொல்லணும். லைன்லயே இருக்காங்க” என்று அண்ணன் கைப்பேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு கேட்டபோது, பாப்பா அப்பாவின் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பொத்தான் துளைக்குள் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பா உயிரோடு இருந்தபோதும் அது இப்படித்தான் படுத்தும். கண்ணாடி முன்னால் நின்று அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

“பொதைக்கணும்” என்றாள்.

“ஏன்?”

“அப்பா சொல்லியிருக்காரு.”

“எப்ப சொன்னாரு? எங்கிட்ட சொல்லலையே.”

பேச்சு அங்கேதான் வந்து நின்றது. அண்ணன் தகவல் கிடைத்ததும் போட்ட உடுப்போடு கிளம்பி, வழியில் எங்கும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டு வந்தவன். கண் இரண்டும் சிவந்திருந்தன. அழுதானா, தூக்கம் இல்லையா என்று சொல்ல முடியாது. அவனிடம் சண்டை போடவும் மனம் வரவில்லை, விட்டுக்கொடுக்கவும் வழியில்லை.

“போன வாரம்கூடப் பேசினாரு. டயர்ல காத்து பாத்தியான்னு கேட்டாரு. வேற ஒண்ணுமே சொல்லல. குழி வெட்டற ஆளு இன்னிக்கு இல்லையாம் பாப்பா, நாளைக்குக் காலைலதானாம். எரிக்கறதுன்னா நாலு மணிக்கு எடம் இருக்கு.” திரும்பி அம்மாவைப் பார்த்தான். “நீ சொல்லும்மா.”

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. “எனக்கு என்னடா தெரியும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க.”

அண்ணன் கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோனான். “நாலு மணிக்கே வெச்சுக்கலாங்க” என்றான்.

பாப்பா பொத்தானை விட்டுவிட்டு எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை. சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த தம்ளரை மறுபடி கழுவினாள். வாசலுக்கு வந்தாள். அப்பாவின் காரைச் சுற்றி வந்தாள். திரும்ப உள்ளே போய் அதே தம்ளரை எடுத்தாள். சித்தி அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வைத்து, “உக்காருடி, பாக்கறவங்களுக்குத் தலை சுத்துது” என்று அதட்டினாள்.

அப்பாவுக்கும் நெருப்புக்கும் ஜென்மப் பகை. பாதி ஆயுள் பெட்ரோல் லாரி ஓட்டியவர். அந்தக் காலத்தில் அவர் கண் முன்னாலேயே கூட்டாளி ஒருவர் வண்டியோடு எரிந்து போனார். கதவு இறுகிக்கொண்டது. உள்ளேயிருந்து தட்டினார், தட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். தீயணைக்கும் சிலிண்டர் அந்த வண்டியில் இல்லாமல் இல்லை. பின்னால் சாமான் பெட்டிக்குள், பூட்டுப் போட்டு, பத்திரமாக இருந்தது. ‘பத்திரமாக’ என்ற சொல்லைக் கேட்டாலே அதன்பிறகு அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

அன்றிலிருந்து அவர் தொட்ட எல்லா வண்டியிலும் ஒரு சிவப்புச் சிலிண்டர் உண்டு. டிக்கியில் இல்லை, ஓட்டுகிறவரின் இருக்கைக்கு அடியில், குனிந்து கைவிட்டால் எட்டும் இடத்தில். அதற்குள் இருப்பது வெள்ளைப் பொடி. வண்டி குலுங்கக் குலுங்கப் பொடி அடியில் இறுகிக் கட்டியாகிவிடும். கட்டியானால் அவசரத்துக்கு வெறும் காற்றுதான் வரும். அதனால் அப்பா அவ்வப்போது அதை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. பிறகு காதோரம் வைத்து, பொடி சரிகிற சத்தத்தைக் கேட்பார். கைக்குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது போல இருக்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் அப்பாவின் பரிசு சிலிண்டர்தான். வண்ணக் காகிதம் சுற்றி, நாடா கட்டிக் கொடுப்பார். “கார் வாங்கினா எல்லாரும் நல்லா இருன்னு வாழ்த்துவாங்க. எங்க சகலை ஒருத்தர்தான் ‘உன் வண்டி எரியப் போகுது’ன்னு சொல்லிட்டுப் போறாரு” என்று சித்தப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

இது போதாதென்று கண்ணாடிப் பைத்தியம் வேறு. எந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனாலும் தேநீர் வருவதற்குள் எழுந்துவிடுவார். “சாவியைக் குடு, வண்டிக் கண்ணாடி ஒரே அழுக்கா இருக்கு, தொடைச்சிட்டு வந்துடறேன்.” போனால் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை வரமாட்டார். சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே சாவியைத் தூக்கிப் போடுவார்கள்.

அண்ணிதான் ஒருநாள் கூப்பிட்டு, “மாமாவுக்குக் கண்ணு மங்குதோ என்னவோ பாப்பா, காட்டிடு” என்றாள். காட்டினார்கள். கண் பிரமாதமாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில், சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் அப்பா அதைச் சொன்னார்.

“பாப்பா, நான் போனா என்னைய நெருப்புல மட்டும் வெச்சிராதீங்க. மண்ணுல போட்டுடுங்க.”

“என்னப்பா இது, காலங்காத்தால.”

“அந்தக் கதவு தட்டற சத்தம் இன்னும் கேக்குது எனக்கு. சரின்னு சொல்லு.”

“சரி.”

“சத்தமா சொல்லு.”

விளக்கு மாறி, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துப் பிராணனை வாங்கின. “சரிப்பா!” என்று கத்தினாள். அப்பா சிரித்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நேற்று மாலை நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டக் குனிந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு சத்தமில்லை, ஒரு வார்த்தையில்லை.

அண்ணன் பின்கட்டுக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பாப்பா துண்டை நீட்டினாள்.

“சரின்னு சொல்லிட்டேன் அண்ணா. கத்திச் சொல்லியிருக்கேன்.”

“நீ சொன்ன. நான் சொல்லலையே.” துண்டை வாங்காமல் நின்றான். முகத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. “ஏன் பாப்பா, நான் மகன் இல்லையா? எங்கிட்ட சொன்னா ஆகாதா? என் வீட்டுக்கு வந்தா என்கூட உக்காந்து ரெண்டு வார்த்தை பேசியிருக்காரா? வந்த காலோட சாவியைக் குடுன்னு கீழ போயிடுவாரு. அந்தக் கண்ணாடிக்குக் குடுத்த நேரத்தை எனக்குக் குடுத்ததில்ல அந்த மனுஷன்.”

“அதுக்காகப் பழி வாங்கறியா?”

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் துண்டைப் பிடுங்கி முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்து, “வண்டி வந்துடுச்சான்னு பாரு” என்றான்.

அமரர் ஊர்தி வந்திருந்தது. பழைய வேன். விளிம்பெல்லாம் சின்னச் சின்ன விளக்குகள், உள்ளே இரண்டு மின்விசிறிகள், அதற்கெல்லாம் சேர்த்து ஒட்டுப்போட்டு இழுத்த ஒயர்கள். ஓட்டுநர் சரியான அவசரக்காரர், இதற்குப் பிறகும் ஒரு வீட்டுக்குப் போகவேண்டுமாம். பாப்பா பழக்கதோஷத்தில் அவர் இருக்கைக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலும் கசங்கிய துணியும் கிடந்தன.

அப்பாவை ஏற்றினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளி, கால்மாட்டில் கொக்கியை மாட்டினார் ஓட்டுநர். அண்ணன் யாரையும் கேட்காமல் பின்னால் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். பாப்பா அப்பாவின் காரை எடுத்தாள், அம்மா பக்கத்தில். அவர்களுக்குப் பின்னால் அண்ணனின் காரை அண்ணி ஓட்டி வந்தாள். அதற்கும் பின்னால் சித்தப்பாவின் கார்.

“மெதுவாப் போடி” என்றாள் அம்மா.

“மெதுவாத்தாம்மா போறேன்.”

மெதுவாகப் போக அவளால் முடியவில்லை. முன்னால் போகும் வேனை முந்திக்கொண்டு போய், குறுக்கே நிறுத்திவிடலாமா என்று கை துறுதுறுத்தது. நிறுத்தி என்ன சொல்வது? நடுத்தெருவில் அண்ணன் சட்டையைப் பிடிப்பதா? நாலு மணிக்கு இன்னும் அரைமணிகூட இல்லை. ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். அம்மா அவள் கையின் மேல் கை வைத்து அதை நிறுத்தினாள்.

“நீ ஒரு வார்த்தை சொன்னா அண்ணன் கேப்பாம்மா.”

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பூட்டிய கடைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. “எங்கிட்டயும்தான் சொல்லலடி உங்கப்பா” என்றாள்.

பாப்பா பார்வையை முன்னால் போகும் வேனின் பக்கம் திருப்பினாள்.

முதலில் அதைப் புழுதி என்றுதான் நினைத்தாள். வேனின் முன்பக்கத்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ கிளம்பிப் பக்கவாட்டில் இழுபட்டது. பிறகு நிறம் கறுத்தது. ரப்பர் கருகும் நாற்றம் காருக்குள் வந்தது. வேன் வெட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு மரச்சாமான் கடை முன்னால் நின்றது. பானெட்டின் இடுக்கில் மஞ்சளாக ஒரு நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. ஓட்டுநர் குதித்து இறங்கி, வண்டியைச் சுற்றி ஓடினார்.

“ஐயோ, உள்ள உங்கண்ணன் இருக்கான்டி!” என்று அம்மா அலறினாள்.

பாப்பா தள்ளியே காரை நிறுத்தினாள். எரிகிற வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதே என்று அப்பா சொன்னது காலுக்கு ஞாபகம் இருந்தது. குனிந்தாள். கை தானாக இருக்கைக்கு அடியில் போனது. எட்டுகிற இடத்தில் இருந்தது.

“சிலிண்டர் எங்கங்க?” என்று ஓடிக்கொண்டே ஓட்டுநரைப் பார்த்துக் கத்தினாள்.

“பின்னாடி பெட்டிக்குள்ளம்மா! பாடிக்குக் கீழ! பூட்டியிருக்கு… சாவி…” அவர் சட்டைப் பையைத் துழாவினார். அடப்பாவி, அங்கேயும் பத்திரம்.

பின்கதவு திறந்திருந்தது. புகைக்குள் அண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. கால்மாட்டுக் கொக்கி விடுபடவில்லை. இருமிக்கொண்டே அதை இழுத்துக்கொண்டிருந்தான்.

“சார், நீங்க எறங்குங்க சார்! அவருதான் போயிட்டாரே, நீங்க எறங்குங்க!”

“வாயை மூடுய்யா! எங்கப்பாய்யா இது! எங்கப்பா!”

பாப்பா முன்பக்கம் ஓடினாள். வேடிக்கை பார்த்த ஒருவர் வீராப்பாக வந்து பானெட்டைத் தூக்கப் போனார். “தொறக்காதீங்க! தொறந்தா குப்புனு புடிச்சுக்கும்! ஒரு வெரல் அளவு போதும், ஒரு வெரல்!” அது அவள் குரலாக இல்லை. வார்த்தைக்கு வார்த்தை அப்பா பேசினார். அந்த ஆள் அரண்டுபோய் இடுக்கை மட்டும் லேசாக நெம்பிப் பிடித்தார். அவள் சிலிண்டரின் பிடியில் செருகியிருந்த முள்ளைப் பிடுங்கி, குழாயை இடுக்கில் காட்டிப் பிடியை அழுத்தினாள். வெள்ளைப் பொடி சீறிக்கொண்டு பாய்ந்தது. மஞ்சள் அடங்கியது. கை லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் வெறும் காற்று புஸ்ஸென்றது. உடனே வலப்பக்கம், சக்கரத்துக்கு மேலே, மறுபடி பற்றிக்கொண்டது.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். கையில் காலிச் சிலிண்டர். பின்னால் கொக்கி இன்னும் விடுபடவில்லை.

“தள்ளு பாப்பா!”

அண்ணி. செருப்பைக் காணோம், கையில் இன்னொரு சிவப்புச் சிலிண்டர். “இதுல எதைப் பிடுங்கணும்?” “அந்த முள்ளை அண்ணி, முள்ளை!” அண்ணி பிடுங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினாள். பாப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துச் சக்கரத்தின் பக்கம் திருப்பினாள். பொடி பாய்ந்தது. ஒரு கட்டியில்லை, ஒரு தடங்கலில்லை. இருவரும் இருமினார்கள். நெருப்பு உள்ளுக்குள் முனகி, புகையாகி, பிறகு புகையும் மெலிந்தது.

பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். கொக்கி விட்டது. அண்ணனும் ஓட்டுநருமாக அப்பாவை இறக்கிக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிழலில் வைத்தார்கள்.

அப்போதுதான் சித்தப்பா வந்து சேர்ந்தார். டிக்கியிலிருந்த குடை, பழைய ஷூ, ஒரு வாளி எல்லாவற்றையும் ரோட்டில் எறிந்துவிட்டு, அடியிலிருந்து சிலிண்டரைத் தேடி எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்திருந்தார்.

“என்னது, அணைஞ்சிடுச்சா?” என்றார். ஏமாந்துபோனவர் போல முகம் விழுந்துவிட்டது. அந்த நேரத்திலும் பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு அழுகைதான் வந்தது.

வேறு வண்டி வருவதற்காகக் காத்திருந்தார்கள். எல்லாருடைய தலையிலும் வெள்ளைப் பொடி. அம்மா அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து, அவர் சட்டையில் படிந்ததை ஊதி ஊதித் துடைத்தாள். மூன்றாவது பொத்தான் திறந்தே இருந்தது. அதைப் பிடித்து ஒரே தள்ளில் போட்டாள்.

அண்ணி காலிச் சிலிண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஒண்ணுதான் புரியல பாப்பா. மாமா குடுத்த நாள்லேர்ந்து நாங்க யாரும் இதைத் தொட்டதே இல்ல. இத்தனை வருஷத்துல கட்டியா இறுகியிருக்கணுமே. சீட்டுக்கு அடியில ஒரு கூடை தூசி. இது மட்டும் பளபளன்னு இருந்துச்சு.”

சித்தப்பா தன் கையிலிருந்ததைப் பார்த்தார். டிக்கிக் குப்பைக்குள் கிடந்ததுதான். அதிலும் தூசி இல்லை.

“ஏங்க,” என்று அண்ணி அண்ணன் பக்கம் திரும்பினாள். “உங்ககிட்ட சொன்னதில்ல. மாமா கண்ணாடி தொடைச்சிட்டேன்னு வருவாரில்ல? அப்புறம் நான் போய்ப் பார்த்தா கண்ணாடி அப்படியே அழுக்காத்தான் இருக்கும். பாவம், கண்ணு தெரியலன்னு நெனச்சுக்கிட்டு, அவரு மனசு நோகக் கூடாதேன்னு நானே தொடைச்சு வெச்சிடுவேன்.”

“ஆமா, எங்க வீட்லயும் தொடைச்ச மாதிரியே இருக்காது” என்று தொடங்கிய சித்தப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார். தூரத்தில் ஒரு பஸ் போனது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும், யாரும் சிரித்துவிடக் கூடாதே என்று கார்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் சிலிண்டரைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார் மனிதர்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கொக்கியை இழுத்த கையில் தோல் உரிந்திருந்தது. அழுக்குக் கண்ணாடிக்குக் கொடுத்த நேரமெல்லாம் யாருக்குக் கொடுத்தது என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தானோ என்னவோ, முகத்தைத் தூக்கவேயில்லை. வெகுநேரம் கழித்து அப்பாவின் பாதத்தைப் பிடித்து, விரலிடுக்கில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தான்.

இன்னொரு வேன் வந்தது. அதன் ஓட்டுநர் வயதானவர். கருகிய வண்டியைப் பார்த்து “அடக் கொடுமையே” என்றார். “நாலு மணி தாண்டிடுச்சே. பரவால்ல, சொல்லிக்கலாம். எரிக்கற எடத்துக்குத்தானே?”

பாப்பா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இல்லீங்க, வீட்டுக்கு” என்றான் அண்ணன்.

“வீட்டுக்கா? கெளம்பி வந்துட்டு மறுபடி வீட்டுக்கா?”

“குழி வெட்டற ஆளு நாளைக்குக் காலைலதான் வருவாராம்.”

ஓட்டுநர், பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பது போல அம்மாவைப் பார்த்தார். “வரட்டுங்க. இன்னும் ஒரு ராத்திரி வீட்ல இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் அம்மா. பிறகு அண்ணனின் கையை எடுத்து உரிந்த இடத்தைப் பார்த்து, “எரியுதாடா?” என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

அப்பாவை ஏற்றிக் கொக்கியை மாட்டினார்கள். அது சரியாக விடுபடுகிறதா என்று அண்ணன் இரண்டு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தான். பிறகு சித்தப்பாவிடம் போய்க் கையை நீட்டினான். அவர் ஒன்றும் கேட்காமல் சிலிண்டரைக் கொடுத்தார். அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அண்ணன் ஓட்டுநரிடம் வந்தான்.

“சாவியைக் குடுங்க.”

“எதுக்கு தம்பி?”

“கண்ணாடி ஒரே அழுக்கா இருக்கு. தொடைச்சிட்டுத் தந்துடறேன்.”

முன்கதவைத் திறந்து ஏறிச் சாத்திக்கொண்டான். பாப்பா இருந்த இடத்திலிருந்து அவன் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து இரண்டு தட்டுகள் கேட்டன. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எதையோ காது கொடுத்துக் கேட்பது போல.

சிலிண்டர் இல்லாமல் இறங்கி வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். வேன் வீட்டுப் பக்கம் திரும்பியது. அதன் முன்கண்ணாடி அழுக்காகவே இருந்தது.